வெண்டல் ஸ்காட்டின் பட்டறை

கார் பந்தயம் பணக்கார வீட்டுப் பிள்ளைகளின் பொழுதுபோக்கு, நமக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம் என்று தோழர்கள் கேட்கக்கூடும். வெண்டல் ஸ்காட்டின் கதையைப் படிக்கிற வரைக்கும் எனக்கும் அப்படித்தான் இருந்தது.

அமெரிக்காவின் வர்ஜீனியாவில் டான்வில் என்ற ஊர். அங்கே 1921இல் ஒரு கறுப்பினக் குடும்பத்தில் பிறந்தவர் ஸ்காட். அப்பா வெள்ளைக்கார வீடுகளுக்குக் கார் ஓட்டி, ரிப்பேர் பார்த்தவர். மகன் டாக்சி ஓட்டினார். இரண்டாம் உலகப்போரில், கறுப்பர்களைத் தனியே பிரித்து வைத்திருந்த ராணுவத்தில் மெக்கானிக்காக இருந்தார். திரும்பி வந்து பட்டறை போட்டார். அந்த வருமானம் போதாமல் கள்ளச்சாராயம் கடத்தினார். போலீஸ் காரை முந்தணும்னா என்ஜின் அதைவிட வலுவாக இருந்தாகணும். எந்தக் கல்லூரியிலும் சொல்லித்தராத பாடம் அது.

1952இல் டான்வில் பந்தயம் நடத்தியவர்கள் கூட்டம் சேர்க்க ஒரு கறுப்பு ஓட்டுநரைத் தேடினார்கள். வேகமாக ஓட்டிப் பிடிபட்டவன் எவன் என்று போலீசிடமே விசாரித்தார்கள். போலீஸ் கைகாட்டியது இவரை. வேடிக்கைக்குத்தான் கூப்பிட்டார்கள். இவர் தங்கிவிட்டார்.

1961இல் நாஸ்காரின் உயர்மட்டப் பந்தயத்துக்குள் நுழைந்தார். பெரிய அணிகளுக்குப் பின்னால் கார் கம்பெனிகளே நின்றன. இவருக்கு அடுத்தவர் ஓட்டி விற்ற கார், கழற்றிப் போட்ட டயர், பழைய சாமான். பெற்ற பிள்ளைகளே மெக்கானிக்குகள். எனக்கு வெற்றியைவிட இந்தப் பட்டறைதான் பெரிசாகப் படுகிறது. என்ஜினை இறக்கிப் பிரிப்பது, தேய்ந்த சிலிண்டரை போர் பண்ணி அதற்கேற்ற பெரிய பிஸ்டன் போடுவது, ரிங் மாற்றுவது, வால்வு தேய்ப்பது. வால்வு இன்னும் கொஞ்சம் கூடுதலாகத் திறக்கிற மாதிரி கேம் ஷாஃப்டை மாற்றினால் காற்றும் பெட்ரோலும் அதிகம் உள்ளே போகும், வேகம் கிடைக்கும். ஆனா ஒண்ணை மட்டும் புதுசாப் போட்டா ஆகாது. வலுவான பிஸ்டனுக்குக் கீழே பழைய பேரிங் இருந்தால் பாதிப் பந்தயத்தில் போய்விடும். கையில் காசில்லாதவன் என்ஜினை வெடிக்கவிட்டால் அவனுக்கு அடுத்த வாரம் பந்தயமே இல்லை. ஆகவே காலை அடக்கித்தான் மிதித்தாக வேண்டும். போகிற வழியில் ஓட்டலில் சோறும் கிடையாது, படுக்க இடமும் கிடையாது. இதை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

1963 டிசம்பர் 1. புளோரிடாவின் ஜாக்சன்வில். அரை மைல் மண் தடம், 200 சுற்று. நெட் ஜாரெட் என்ற ஓட்டுநரிடம் வாங்கிய செவர்லே காரில் ஸ்காட் இரண்டு சுற்று முன்னால் நின்றார். கொடியை அவருக்கு அசைக்கவில்லை. பக் பேக்கர் என்ற வெள்ளையர் வென்றதாக அறிவித்துக் கோப்பையையும் கொடுத்தார்கள். கணக்கில் பிசகு, ஸ்காட்தான் வென்றார் என்று பிறகு ஒத்துக்கொண்டபோது கூட்டம் கலைந்திருந்தது. வென்றவருக்கு ஒரு வெள்ளைக்காரப் பெண் முத்தம் கொடுப்பது அங்கே வழக்கம். அதற்குப் பயந்துதான் இத்தனையும் என்று ஸ்காட் சொல்லிவந்தார். கணக்குப் பிசகு எப்பவும் ஒரே பக்கமா விழுறதுதான் ஆச்சரியம்!

1973இல் தாலதேகாவில் நடந்த பெரிய விபத்தில் எலும்புகள் நொறுங்கின. அத்தோடு ஓட்டம் ஏறக்குறைய முடிந்தது. 495 பந்தயம், ஒரு வெற்றி. 1990இல் இறந்தார். 2015இல் நாஸ்கார் தன் புகழ்மண்டபத்தில் அவரைச் சேர்த்தது. அந்த ஜாக்சன்வில் வெற்றிக்கான கோப்பையை நாஸ்கார் அவர் குடும்பத்தின் கையில் கொடுத்தது 2021 ஆகஸ்டில். அதற்குள் அந்தப் பட்டறையில் ஸ்பேனர் பிடித்து வளர்ந்த பிள்ளைகளுக்கே வயதாகிவிட்டது.