முந்நூறு டாலர் லிமிட்டும் ஃப்ரெஸ்னோ நகரமும்

"என் கார்டு லிமிட்டை ஏத்திக் கொடுங்க"ன்னு கேக்கறது இன்னிக்கு ரெண்டு நிமிஷ வேலை. லாகின் பண்ணி ஒரு பட்டனை அமுக்கினா கேள்வி வரும். வருஷ வருமானம் எவ்வளவு, வேலை என்ன, வாடகை எவ்வளவு. நிரப்பிட்டா உடனே பதில். ஒண்ணு "வாழ்த்துக்கள்", இல்லைன்னா "பத்து நாள்ல லெட்டர் வரும்" (இதுக்கு அர்த்தம் இல்லைன்னுதான்).

இந்தக் கேள்விகளை எல்லாம் யாரு, எப்ப சேர்த்தாங்கன்னு எனக்கு ரொம்ப நாளா ஒரு நமைச்சல். நோண்டிப் பாத்தா பெரிய கதையா இருக்கு. அதுல பாதி நம்ம கலிஃபோர்னியாவுலயே நடந்திருக்கு.

முதல்ல இது எதுக்குங்கறவங்களுக்கு. எஃப்-1 விசால வர்ற பையனோ பொண்ணோ, ஊர்ல அப்பா பேங்குல முப்பது வருஷமா கணக்கு வச்சிருந்தாலும் இங்க பூஜ்யம்தான். கேம்பஸ்ல வேலை கெடச்சு சோஷியல் செக்யூரிட்டி நம்பர் வந்து, முதல் கார்டு வாங்கினா பெரும்பாலும் லிமிட் 500 டாலர். அதையும் சில பேருக்கு 500 டாலரை டெபாசிட்டா வாங்கிட்டுத்தான் தருவாங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு ஊர்லேர்ந்து "அப்பாவை ஆஸ்பத்திரில சேர்த்திருக்கு"ன்னு போன் வந்தா, அந்த 500-ல சென்னைக்குப் பாதி தூரம்கூடப் போக முடியாது. என் ரூம்மேட் ஒருத்தன் டிக்கெட்டை மூணு பேர் கார்டுல பிரிச்சுப் போட முடியுமான்னு ஏஜெண்ட்கிட்ட கெஞ்சினான். முடியாதுன்னுட்டாங்க. கடைசில ஒரு சீனியர் அண்ணன் கார்டுலதான் போச்சு. லிமிட்டுங்கறது நம்மளைப் பொறுத்தவரை ஷாப்பிங் சமாச்சாரம் இல்லை.

சரி, கதைக்கு வருவோம். 1958 செப்டம்பர் 18. பேங்க் ஆஃப் அமெரிக்கா, ஃப்ரெஸ்னோ ஊர்ல 60,000 பேருக்கு தபால்ல கார்டு அனுப்புச்சு. யாரும் கேக்கலை, அப்ளிகேஷன் போடலை. லெட்டரைப் பிரிச்சா உள்ள ஒரு கார்டு, அவ்வளவுதான். பேர் பேங்க்அமெரிகார்ட். 1976-ல வீசான்னு பேர் மாத்தினாங்களே, அதேதான். லிமிட் 300-லேர்ந்து 500 டாலர். அறுபது வருஷத்துக்கு மேல ஆகியும் புதுசா வர்ற மாணவனுக்கு அதே 500-தான் குடுக்கறாங்கன்னா, விலைவாசி ஏறினது அவங்க காதுக்கு மட்டும் எட்டலை போல!

இதுக்குப் பின்னாடி இருந்தவர் ஜோசப் வில்லியம்ஸ். அவர் போட்ட கணக்கு, நூத்துக்கு நாலு பேர்தான் நேரத்துக்குக் கட்டாம இழுப்பாங்கன்னு. இழுத்தது 22 பேர். கார்டு திருட்டு வேற. சுமார் பதிமூணு மாசத்துல கலிஃபோர்னியா முழுக்க இருபது லட்சம் கார்டு பரவிடுச்சு. முதல் பதினஞ்சு மாசத்துல கணக்குல காட்டின நஷ்டம் மட்டும் 88 லட்சம் டாலர். 1959 முடியறதுக்குள்ள வில்லியம்ஸ் வேலையை விட்டுப் போயிட்டார். ஆனா பேங்க் திட்டத்தை மூடலை. வசூலை இறுக்கிப் பிடிச்சு, 1961 வாக்குல லாபம் பாக்க ஆரம்பிச்சுட்டாங்க. மத்த பேங்குங்க இதுலேர்ந்து எதுவும் கத்துக்கலை. 1966 கிறிஸ்துமஸுக்கு முன்னாடி சிகாகோ பேங்குங்க லட்சக்கணக்குல கார்டு அனுப்பி, அதுல கைக்குழந்தைக்கும் செத்துப் போனவங்களுக்கும்கூடப் போய்ச் சேர்ந்து ஊரே சிரிச்சுது. கேக்காம கார்டு அனுப்பக் கூடாதுன்னு 1970-ல சட்டமே வந்தது.

ஆக, யாருக்குக் குடுக்கலாம், எவ்வளவு குடுக்கலாம்? அதுக்கான பதிலை வேற ரெண்டு பேர் தேடிக்கிட்டிருந்தாங்க. பில் ஃபேர் இன்ஜினியர், ஏர்ல் ஐசக் கணக்கு வாத்தியார் மாதிரி ஆள். 1956-ல ஆளுக்கு 400 டாலர் போட்டு கம்பெனி ஆரம்பிச்சாங்க. ரொம்ப வருஷம் சான் ரஃபேல்லதான் ஆபீஸ், கோல்டன் கேட் பாலத்தைத் தாண்டினா வந்துடும். ஐம்பது பெரிய கடன் கம்பெனிகளுக்கு லெட்டர் போட்டாங்களாம், பதில் வந்தது ஒரே ஒரு இடத்துலேர்ந்து. வேலை தேடற நம்ம பசங்க இதை ஃப்ரேம் போட்டு மாட்டிக்கலாம்.

அதுக்கு முன்னாடி கடன் குடுக்கற ஆபீசர் முகத்தைப் பாத்து முடிவு பண்ணுவார். விசாரிக்கற கம்பெனிங்க பக்கத்து வீட்டுக்காரன்கிட்ட போய் "குடிப்பாரா, பொண்டாட்டியோட சண்டையா"ன்னு கேட்டு எழுதி வச்சிருக்கும். நம்மூர் அண்ணாச்சி மளிகைக்கடை நோட்டும் கிட்டத்தட்ட இதே முறைதான். ஆளைத் தெரியும், அப்பனைத் தெரியும், எந்தத் தேதில சம்பளம்னு தெரியும். தமிழ்ல "நாணயம்"ங்கற ஒரே சொல் காசுக்கும் நேர்மைக்கும் இருக்கு பாருங்க. ஃபேரும் ஐசக்கும் அந்த ரெண்டாவது அர்த்தத்தை எண்ணா மாத்தினாங்க. 1989-ல பொதுவான ஃபைகோ ஸ்கோர் வந்தது, 300-லேர்ந்து 850 வரை. 35 சதவீதம் நேரத்துக்குக் கட்டினதுக்கு, 30 சதவீதம் எவ்வளவு பாக்கி வச்சிருக்கோங்கறதுக்கு, மிச்சம் கணக்கோட வயசு மாதிரி விஷயங்களுக்கு. அண்ணாச்சி நோட்டுல நம்ம சாதியும் தெருவும் இருந்தது, இதுல இல்லை. அந்த வகையில எனக்கு எண்ணே பரவாயில்லை. ஆனா எண்ணுக்கு நம்ம அப்பாவைத் தெரியாது, அதுதான் சிக்கல்.

கூடவே சட்டமும் மாறினது. 1974 வரைக்கும் கல்யாணமான பொண்ணு தன் பேர்ல கார்டு கேட்டா, புருஷன் கையெழுத்து எங்கன்னு கேக்கறது சர்வ சாதாரணம். 1974-ல வந்த சம கடன் வாய்ப்புச் சட்டம் அதைத் தடை பண்ணுச்சு. 1976 திருத்தத்துல இனம், மதம், பூர்வீக நாடு, வயசு எல்லாம் சேர்ந்தது. 1978-ல சுப்ரீம் கோர்ட் ஒரு வழக்குல (மார்க்கெட் வழக்கு, சந்தை இல்லை, ஒரு பேங்கோட பேர்) பேங்க் எந்த மாநிலத்துல இருக்கோ அந்த மாநில வட்டி விதியே செல்லும்னு தீர்ப்பு சொல்லிச்சு. கார்டு கம்பெனிங்க வட்டிக்கு உச்சவரம்பு இல்லாத இடமாப் பாத்து ஓடிச்சுங்க. நியூ ஜெர்சி மக்களுக்குக்கூட பில் சவுத் டகோட்டா அட்ரஸ்லேர்ந்து வர்றதோட ரகசியம் அதுதான்.

அப்புறம்தான் மாணவர் வேட்டை. கேம்பஸ் வாசல்ல மேஜை போட்டு, ஃபார்ம் நிரப்பினா டி-ஷர்ட், பீட்சா. வருமானமே இல்லாத பதினெட்டு வயசுப் பையனுக்கு கார்டு. இதுக்குக் கடிவாளம் போட்டது ஒபாமா 2009 மே 22-ல கையெழுத்துப் போட்ட கார்டு சட்டம். பெரும்பகுதி 2010 பிப்ரவரில அமலுக்கு வந்தது. 21 வயசுக்குக் கீழன்னா சொந்த வருமானம் காட்டணும், இல்லைன்னா பெரியவங்க யாராவது சேர்ந்து பொறுப்பேத்துக்கணும். அப்படி வாங்கின கார்டுல 21 ஆகறதுக்குள்ள லிமிட் ஏத்தணும்னா அந்தப் பெரியவர் மறுபடி எழுத்துல சம்மதிக்கணும். கேம்பஸ்லயோ அதைச் சுத்தி 1000 அடிக்குள்ளயோ டி-ஷர்ட் ஆசை காட்டக் கூடாது. எம்.எஸ். படிக்க வர்ற நாம 22 வயசுல இறங்கறதால இந்த வயசுக் கட்டுப்பாடு நம்மளைத் தொடறதில்லை. இங்கயே பொறந்து காலேஜ் போற தம்பி தங்கச்சிங்களுக்குத்தான்.

நம்மளையும் தொடற விதி அதே சட்டத்துல இருக்கு: கார்டு குடுக்கும்போதும் சரி, லிமிட் ஏத்தும்போதும் சரி, திருப்பிக் கட்டற சக்தி இருக்கான்னு கம்பெனி பாத்தே ஆகணும். வருமானம், வாடகைன்னு பட்டனுக்குப் பின்னாடி வர்ற கேள்விக்கெல்லாம் இதுதான் காரணம்.

இது ஒரு கூட்டத்தை ரொம்பப் படுத்திச்சு. 2011-ல வந்த விதி, ஒவ்வொருத்தரும் தன் தனி வருமானத்தைத்தான் காட்டணும்னுச்சு. வீட்டுல இருக்கற மனைவிமாருக்கு கார்டு கிடையாதுன்னு ஆச்சு. ஹெச்-4-ல வந்த நம்ம அக்காக்களை நெனச்சுப் பாருங்க. அப்ப அவங்க வேலைக்குப் போகவும் அனுமதி இல்லை, சில பேருக்கு அது கெடச்சதே 2015-லதான். எம்.ஃபில். முடிச்சு, ஊர்ல லெக்சரரா இருந்தவங்க வருமானக் கட்டத்துல பூஜ்யம் போடணும். 1974-ல வாசல் வழியா அனுப்பின புருஷன் கையெழுத்து, ஜன்னல் வழியா திரும்பி வந்த மாதிரி இருந்தது. எதிர்ப்பு கிளம்பி, 2013-ல திருத்தினாங்க. 21 வயசுக்கு மேலன்னா தன் கைக்கு நியாயமா கெடைக்கற குடும்ப வருமானத்தையும் எழுதலாம். அது தெரியாம இன்னமும் பூஜ்யம் போடறவங்க இருக்காங்க, வீட்டுல சொல்லுங்க.

கேக்கப் போறவங்களுக்கு ரெண்டு வார்த்தை. முதல் கார்டு வந்து ஆறு மாசம் ஆனாத்தான் ஃபைகோ ஸ்கோரே பொறக்கும், அது வரைக்கும் பொறுங்க. 500 லிமிட்ல 400 செலவழிச்சா முழுசாக் கட்டினாலும் ஸ்டேட்மெண்ட் அன்னிக்கு 80 சதவீதம்னு பதிவாகி ஸ்கோர் படுக்கும். அதனால தேதிக்கு முன்னாடியே கட்டிடுங்க. டி.ஏ., ஆர்.ஏ. சம்பளத்தை வருமானக் கட்டத்துல தைரியமா எழுதுங்க, அது வருமானம்தான். பட்டனை அமுக்கறதுக்கு முன்னாடி அது ஹார்ட் என்கொயரியான்னு கஸ்டமர் சர்வீஸ்ல கேட்டுக்கங்க. ஆமான்னா ரிப்போர்ட்ல ரெண்டு வருஷம் நிக்கும். ஆனா டிசம்பர்ல ஊருக்குப் போற பிளான் இருந்தா, ஆகஸ்ட்லயே கேட்டு வைங்க.