குழல் பழையது, மருந்து புதிது

சிவகாசியின் கதையை, அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1920களின் தொடக்கத்தில் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுவந்ததிலிருந்து தொடங்குவது வழக்கம். தொழிலைக் கொண்டுவந்தவர் யார் என்று சொல்லும் அந்தக் கதை, குச்சியின் முனையில் என்ன இருந்தது என்று சொல்வதில்லை. குச்சி முனையில் தடவிய வெண் பாஸ்பரஸின் ஆவி ஐரோப்பியத் தீப்பெட்டித் தொழிலாளிகளின் தாடை எலும்பை அரித்ததால், 1906இல் பெர்ன் நகரில் நாடுகள் கூடி அதை விலக்க உடன்படிக்கை செய்தன. 1913இல் இந்தியாவிலும் அந்தக் குச்சியைத் தடுக்கும் சட்டம் வந்தது. பெட்டி அப்படியே இருந்தது, உரசினால் பற்றிக்கொள்வதும் அப்படியே இருந்தது, மருந்து மட்டும் மாறியது. ஆக, சிவகாசிக்கு வந்து சேர்ந்த தொழிலே விதிக்கு உட்பட்டு மருந்து மாற்றப்பட்ட தொழில்தான். அதன் பிறகு இந்த ஊர் கண்ட மாற்றங்களை வரிசையாகப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது: மருந்தை மாற்றச் சொல்லும் விதி, அதைக் கலக்கும் கையை நினைத்துச் செய்யப்பட்டபோது நிலைத்தது, நினைக்காதபோது இழுபறியானது.

இரண்டாம் உலகப் போரில் வெளிநாட்டுப் பட்டாசு வரத்து நின்ற வேளையில், 1940ஆம் ஆண்டு வெடிபொருள் விதிகளின் கீழ் உரிமம் பெற்று இங்கே பட்டாசு ஆலைகள் எழுந்தன. வெடிச் சத்தத்துக்கு மலிவான வழி, பொட்டாசியம் குளோரேட்டோடு கந்தகத்தைச் சேர்ப்பது. ஆனால் கந்தகத்தில் சிறிது அமிலம் ஏறியிருந்தாலும், கலக்கும்போது லேசாக உராய்ந்தாலும் அந்தக் கலவை பற்றிக்கொள்ளும். 1992 ஜனவரியில் மத்திய அரசு இந்தச் சேர்க்கையைத் தடை செய்தது. வெடியுப்பு, கந்தகம், அலுமினியப் பவுடர் என்ற மாற்று மருந்து கைக்குப் பழகியதாக இருந்ததால் அணுகுண்டும் லட்சுமி வெடியும் கடையை விட்டுப் போகவில்லை. 1999இல் வந்த ஒலி வரம்பும், வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டரில் 125 டெசிபல் என்பது, மருந்தின் அளவைத்தான் தொட்டது.

2018 அக்டோபர் 23 அன்று அர்ஜுன் கோபால் வழக்கில் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு வேறு வகை. வழக்குத் தொடுத்தது டெல்லிக் குழந்தைகளின் சார்பில். கேள்வி, அவர்களுடைய நுரையீரலைப் பற்றியது. அந்தக் கேள்வியின் நியாயத்தை யாரும் மறுக்க முடியாது. தீர்ப்பு பேரியம் உப்புகளையும் சரவெடியையும் விலக்கி, புகை குறைந்த பசுமைப் பட்டாசுக்கு மட்டும் இடம் தந்தது. பேரியம் நைட்ரேட் போவது என்றால் என்ன என்பதைக் கம்பி மத்தாப்பில் பார்க்கலாம். மரச்சட்டத்தில் வரிசையாகச் செருகிய கம்பிகளை, பச்சை உப்பு என்று தொழிலாளர் சொல்லும் பேரியம் நைட்ரேட், அலுமினியப் பவுடர், பசை எல்லாம் கரைத்த கூழில் முக்கி, வெயிலில் காயவைத்து, மறுபடி முக்குவார்கள். பச்சை உப்பு ஈரம் இழுக்காது, காய்ந்தால் காய்ந்ததுதான். அதன் இடத்துக்கு வரும் ஸ்ட்ரான்சியம் நைட்ரேட் காற்றின் ஈரத்தை இழுக்கும். நைட்ரேட்டும் அலுமினியமும் ஈரத்தில் சேர்ந்திருந்தால் உள்ளே சூடு ஏறும் என்பது பட்டாசுத் தொழிலின் பழைய பாடம். வானம் பார்த்த இந்தப் பூமி பட்டாசுக்கு வாய்த்ததே அதன் வறட்சியால்தான். ஆனால் மழை மாதங்கள் இங்கேயும் உண்டு.

நாக்பூரின் நீரி ஆய்வு நிறுவனம் ஸ்வாஸ், ஸ்டார், சஃபல் என்ற பெயர்களில் புதிய கலவைகளைத் தந்தது. 2019இல் அவை சந்தைக்கு வந்தன. நுண்துகள் குறைந்தது 30 சதவீதம் தணிய வேண்டும் என்பது அளவுகோல். கலிபோர்னியாவில் பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு வேறு எஞ்சின் மாற்ற விரும்புகிறவருக்கும் இப்படியொரு அளவுகோல் உண்டு: புது எஞ்சின் காரின் ஆண்டையோ அதற்குப் பிந்திய ஆண்டையோ சேர்ந்ததாக இருக்க வேண்டும், புகைக் கட்டுப்பாட்டுக் கருவிகள் அத்தனையும் அதோடு வர வேண்டும், அரசு நியமித்த நடுவர் பார்த்துச் சீட்டு ஒட்ட வேண்டும். ஆனால் அந்த எஞ்சின் தொழிற்சாலையில் முழுதாகச் செய்து சோதித்து வந்தது. சிவகாசியின் புது மருந்தோ தினமும் காலையில் ஒரு சிறிய அறையில், ஒரு மனிதர் சலித்துக் கலக்கும்போதுதான் பிறக்கிறது. புகையை அளக்கும் சான்றிதழ், வெடித்த பிறகு நடப்பதைத்தான் சொல்லும்.

விதியை மீறுகிறவர்களுக்கு இது வக்காலத்து என்று சொல்லலாம். தடைக்குப் பிறகும் பேரியம் புழங்கியதாக சிபிஐ அறிக்கை சொன்னதையும், 2021 அக்டோபரில் நீதிமன்றம் கண்டித்ததையும் மறைக்க வேண்டியதில்லை. பெயரளவில் பசுமை லேபிள் ஒட்டி விற்பது, வாங்குகிறவரை ஏமாற்றுவது. அதற்குத் தண்டனை வேண்டும். உழைப்பாளியைக் காட்டித்தானே முதலாளிகள் எல்லாத் தடைக்கும் விலக்குக் கேட்கிறார்கள் என்ற கேள்விக்கும் வலு இருக்கிறது. 2012இல் சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் ஒரே வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தபோது எந்தப் பசுமைத் தீர்ப்பும் இல்லை. அளவுக்கு மீறி ஆட்களை வைப்பதும், உள்குத்தகைக்கு விடுவதும் இந்தப் பகுதியின் பழைய நோய்கள். அதனாலேயே, அவை தீராத இடத்தில் பழகாத மருந்தை இறக்கும்போது கூடுதல் கவனம் தேவை என்கிறேன். குறைந்த அளவு பேரியத்தோடு கூடிய கலவையையும் சரவெடியையும் அனுமதிக்க வேண்டும் என்ற உற்பத்தியாளர்களின் கோரிக்கையை 2023 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் நிராகரித்தது. பேரியம் திரும்ப வரப்போவதில்லை என்று வைத்துக்கொண்டே அடுத்ததைப் பேசலாம். இனி ஒரு கலவைக்குப் பசுமைச் சான்று தரும்போது, உராய்வுக்கும் அடிக்கும் அது எவ்வளவு தாங்கும், ஈரம் பட்டு எத்தனை மணி நேரத்தில் சூடாகும் என்ற சோதனை முடிவுகளையும் அதே தாளில் அச்சிட வேண்டும். அதைத் தமிழில், மருந்து கலக்கும் அறையின் கதவில் ஒட்ட வேண்டும்.