தெருவுக்கு வந்த திருநாட்கள்

ஒரு சமூகத்தாரின் மனத்தை அறிய விரும்புவோர் அவர்கள் கொண்டாடும் நாட்களைக் கவனித்தல் வேண்டும். எந்த நாளைக் கொண்டாடுகிறார்கள், அந்த நாளை ஏன் தெரிந்தெடுத்தார்கள் என்று வினவினால், அவர்கள் பட்ட பாடும் அவர்கள் கொண்ட ஆசையும் ஒருங்கே விளங்கும். மே தினம் எவ்வாறு தோன்றிற்று? 1886-ம் வருஷத்தில் சிக்காகோ நகரில் எட்டு மணி நேர வேலை கேட்டுக் கிளர்ந்த தொழிலாளர் பட்ட துன்பத்தினின்று தோன்றிற்று. இன்று அந்நாளில் கொடி பிடித்துப் பாடிச் செல்லும் தொழிலாளரைப் பார்த்து, "இவர்களுக்கு என்ன கொண்டாட்டம்?" என்று கேட்பார் நம்மில் எவருமிலர்.

நாம் இங்கு ஆராயப் புகுவது வேறொரு கூட்டத்தாரின் திருநாட்களை. ஆணை விரும்பும் ஆணும், பெண்ணை விரும்பும் பெண்ணும், பிறப்பில் குறித்த பாலை விட்டு மறுபாலாக வாழ்வோரும் மேல்நாடுகளில் வருஷந்தோறும் ஊர்வலங்களும் தெருச்சந்தைகளும் நடத்துகின்றனர். தன்பாலீர்ப்பினர் என்று இக்காலத்தார் வழங்கும் சொல்லையே நாமும் கொள்வோம். இவ்விழாக்களின் படங்கள் நம் கைக்கும் வருகின்றன. வானவில் நிறக் கொடி, ஆடல் பாடல், ஆண் உடையில் பெண், பெண் உடையில் ஆண் ஆகியவற்றோடு, கருந்தோலாடையும் சங்கிலியும் பூண்டு அவற்றிலே இன்பங் காணும் ஒரு சாராரும் அப்படங்களிற் காணப்படுகின்றனர். பார்ப்போரிற் பலர் நகைக்கின்றனர். சிலர் "மானங்கெட்ட கூத்து" என்று முகஞ் சுளிக்கின்றனர். அவ்விழாக்களுக்கு அவர்கள் இட்ட பெயரோ 'பிரைடு' என்பது. அதனைச் செருக்கு என்று பெயர்ப்பாரும் உளர். தன்மானம் என்பதே அதற்குப் பொருந்தும் என்பது நம் கருத்து. மானங்கெட்ட கூத்தா, மானத்தை மீட்க எடுத்த விழாவா என்பதை வரலாற்றைக் கொண்டே தீர்ப்போம்.

இவ்விழாக்களின் வருஷத்தை ஜனவரியில் தொடங்காது ஜூன் மாதத்தில் தொடங்குதலே முறை. ஆயின் ஜூன் மாதத்திற்கு முன் ஜூலை 4-ந் தேதி ஒன்று உண்டு. அதனை முதலில் அறிதல் வேண்டும்.

அமெரிக்க நாட்டில் 1960-ம் வருஷத்தில் எல்லா மாகாணங்களிலும் தன்பாலீர்ப்பினரின் கூட்டுறவு சட்டப்படி குற்றம். 1962-ல் இல்லினாய் மாகாணம் ஒன்றே அச்சட்டத்தை நீக்கியிருந்தது. சர்க்கார் உத்தியோகத்திலும் அவர்கட்கு இடமில்லை. பிராங்க் காமெனி என்ற வானநூல் அறிஞர் ராணுவப் படவரைவு இலாகாவிலிருந்து 1957-ல் இக்காரணம் பற்றியே நீக்கப்பட்டார். அவர் ஓய்ந்துவிடவில்லை. 1965 முதல் 1969 வரை வருஷந்தோறும் ஜூலை 4-ந் தேதி, அந்நாட்டின் சுதந்திரப் பிரகடனம் பிறந்த பிலடெல்பியா மண்டபத்தின் முன் அவரும் தோழர்களும் அட்டைகளைத் தாங்கி வட்டமாக நடந்தனர். ஆண்கள் கோட்டும் கழுத்துப்பட்டியும் அணிய வேண்டும், பெண்கள் கவுன் அணிய வேண்டும் என்பது அவர்களுடைய கட்டளை. உத்தியோகம் கேட்பவர் உத்தியோகஸ்தர்போல் தோன்ற வேண்டும் என்பது காமெனியின் வாதம். "நாங்களும் உங்களைப்போலவே கண்ணியமானவர்கள், எங்களுக்கும் உரிமை தாருங்கள்" என்பது அவ்வுடையின் பொருள். ஐந்து வருஷம் அவ்வாறு நடந்தனர். கண்டோர் சிலர், காதில் வாங்கினோர் அவரினும் சிலர்.

1969 ஜூன் 28-ந் தேதி நள்ளிரவு கடந்த பின்னர், நியூயார்க் நகரில் கிறிஸ்டபர் தெருவிலுள்ள ஸ்டோன்வால் என்னும் மதுக்கடையில் போலீஸார் புகுந்தனர். தன்பாலீர்ப்பினர் கூடும் கடைகளில் இவ்வாறு புகுவதும், அகப்பட்டாரை வண்டியில் ஏற்றுவதும் அந்நாளில் வழக்கமே. புகுவோர் புகுவர்; அகப்பட்டோர் முகத்தை மூடிக்கொண்டு செல்வர். அன்றிரவு அவ்வாறு நடக்கவில்லை. வெளியே தள்ளப்பட்டவர்கள் வீட்டுக்குப் போகாது தெருவிலேயே நின்றனர், கூட்டம் பெருகிற்று, போலீஸார் கடைக்குள்ளேயே ஒதுங்க நேர்ந்தது. கலகம் சில இரவுகள் நீடித்தது. அங்கு முன்னின்றோர் கோட்டணிந்த கனவான்களல்லர். வீடற்ற இளைஞரும், பெண்ணுடை தரித்த ஆண்களும், எங்கும் மதிக்கப்படாத ஏழைகளும் அக்கூட்டத்தில் இருந்தனர்.

அவ்வருஷம் நவம்பர் மாதம் அச்சங்கங்களின் மகாநாடு ஒன்று பிலடெல்பியாவில் கூடிற்று. புத்தகக்கடை வைத்திருந்த கிரெய்க் ராட்வெல்லும் அவர் தோழர் மூவரும் ஒரு தீர்மானம் கொண்டுவந்தனர். ஜூலை 4-ந் தேதி நடையை நிறுத்திவிட்டு, ஸ்டோன்வாலின் நினைவாக ஜூன் மாதக் கடைசியில் நியூயார்க்கில் ஊர்வலம் நடத்த வேண்டும் என்பதும், அதில் உடைக் கட்டுப்பாடோ வயதுக் கட்டுப்பாடோ இருத்தலாகாது என்பதும் அத்தீர்மானத்தின் சாரம். வாசகர்கள் அந்தக் கடைசி வாசகத்தை ஊன்றிக் கவனிக்க வேண்டும். இன்று நாம் படங்களிற் காணும் வண்ணமும் விசித்திரமும் யாதோ ஓர் ஒழுங்கீனத்தால் நுழைந்தனவல்ல. முதல் ஊர்வலத்தின் தீர்மானத்திலேயே அவற்றுக்கு வாசல் திறந்துவைக்கப்பட்டது.

1970 ஜூன் 28-ந் தேதி ஞாயிற்றுக்கிழமை அவ்வூர்வலம் கிறிஸ்டபர் தெருப் பகுதியிலிருந்து மத்தியப் பூங்கா வரை சென்றது. தொடங்கியபோது சில நூற்றுவர், முடிந்தபோது ஆயிரக்கணக்கானோர். அதே நாளில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தாரும் ஊர்வலம் விட்டனர். அந்நகரப் போலீஸ் ஆணையத்தார் பத்து லட்சம் டாலரும் ஐந்து லட்சம் டாலருமாக இரு ஜாமீன் பத்திரங்கள் கேட்டுத் தடுக்க முயன்றனர். நியாயஸ்தலம் அதைத் தள்ளிவிட்டது. தெருவில் நடக்கும் உரிமையையும் வழக்காடியே பெற வேண்டியதாயிற்று.

ஜூன் கழிந்து செப்டம்பர் வருகின்றது. அம்மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை ஸான்பிரான்ஸிஸ்கோ நகரில் பால்ஸம் தெருச்சந்தை கூடுகின்றது. தோலாடைக்காரரின் பெருவிழா இதுவே. மற்ற ஊர்வலங்களைப் பொறுத்துக்கொள்பவரும் பொறுக்க மாட்டாத விழா இது. ஆகவே இதன் பிறப்பைச் சற்று விரித்துரைப்போம்.

இரண்டாம் உலக யுத்தத்திலிருந்து திரும்பிய இளைஞர் சிலர் மோட்டார் சைக்கிள் சங்கங்களை அமைத்தனர். தன்பாலீர்ப்பினரும் தமக்கென அத்தகைய சங்கங்களை அமைத்தனர். 1954-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் தோன்றிய சாட்டர்ஸ் சங்கம் அவற்றில் முற்பட்டது. ஆணை விரும்பும் ஆண் பெண்தன்மை உடையவன் என்று உலகம் எள்ளிற்று. அவ்வெள்ளலுக்கு விடையாக இவர்கள் பூட்ஸும் தோற்சட்டையும் அணிந்தனர். அவ்வுடையைச் சுற்றி அவர்களுக்கே உரிய இன்பமுறைகளும், தாமே வகுத்த ஒழுங்குகளும் வளர்ந்தன. ஸான்பிரான்ஸிஸ்கோவின் மார்க்கெட் தெருவுக்குத் தெற்கேயுள்ள பகுதியில் 1960-ஐ அடுத்த வருஷங்களில் அவர்களுடைய கடைகள் பெருகின. பண்டகசாலைகளும், ஓய்வுபெற்ற மாலுமிகளும் கூலித் தொழிலாளரும் தங்கும் மலிவான விடுதிகளும் நிறைந்த பகுதி அது.

நகரசபையார் அப்பகுதியை இடித்துப் புதுப்பிக்கத் திட்டமிட்டனர். விடுதிகள் இடிந்தன, ஏழைகள் வெளியேறினர். தோட்டம் கைமாறிக் குடியிருப்புக் காலியாகும் துயரத்தை அறிந்த நம்மவர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. அதே காலத்தில் எய்ட்ஸ் என்னும் கொடுநோயும் வந்தது. 1981 ஜூன் 5-ந் தேதி அமெரிக்க நோய்த்தடுப்பு நிலையத்தார் லாஸ் ஏஞ்சல்ஸில் ஐந்து இளைஞருக்குற்ற அபூர்வமான நுரையீரல் நோயைப் பற்றி முதற்குறிப்பு வெளியிட்டனர். பின்னர் மரணம் வீடு வீடாக நுழைந்தது. தோலாடைக்காரர் கூட்டத்தில் மாண்டார் மிகப் பலர். "அத்தெருவும் செத்தது, அக்கூட்டமும் செத்தது, இனி இடித்துக் கட்டலாம்" என்று எண்ணுவார்க்கு அது வாய்ப்பாயிற்று.

அச்சமயத்தில் குடியிருப்புரிமைக்காக உழைத்துவந்த காத்லீன் கானல், மைக்கேல் வலேரியோ என்னும் இருவர் 1984 செப்டம்பர் 23-ந் தேதி பால்ஸம் தெருவில் ஒரு சந்தையைக் கூட்டினர். இத்தெருவில் மக்கள் இருக்கின்றனர், அவர்கள் உயிரோடிருக்கின்றனர், ஒருவர்க்கொருவர் உதவுகின்றனர் என்று காட்டுவதே அதன் நோக்கம். அச்சந்தையில் திரளும் பணம் தர்ம ஸ்தாபனங்கட்குச் செல்வது இன்றளவும் வழக்கமாயிருக்கிறது. சங்கிலியும் தோலும் மட்டும் காணும் கண்ணுக்கு இவ்வரலாறு தெரிவதில்லை.

அக்டோபர் மாதம் அழுகையின் மாதம். 1987 அக்டோபர் 11-ந் தேதி வாஷிங்டன் தலைநகரின் பெருவெளியில், எய்ட்ஸால் மாண்டாருக்காகத் தைத்த துணிகளை விரித்தனர். ஒவ்வொன்றும் ஆறடி நீளம், மூன்றடி அகலம். ஏறக்குறைய ஒரு புதைகுழியின் அளவு. அன்று விரித்தவை 1,920. பெற்றோரே பிணத்தை ஏற்க மறுத்த சிலர்க்கும் அத்துணியே நினைவுக்கல்லாயிற்று. பெயரை உரக்கப் படிப்பதே அங்கு வழிபாடு.

பெயர் என்றவுடன் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரம் நினைவுக்கு வருகின்றது. அங்கே பிப்ரவரி இறுதியிலோ மார்ச் தொடக்கத்திலோ 'மார்டி கிரா' என்னும் இரவு ஊர்வலம் நடைபெறுகின்றது. அது முதன்முதலில் நடந்தது 1978 ஜூன் 24-ந் தேதி, ஸ்டோன்வாலின் நினைவாக. அனுமதி பெற்றே புறப்பட்டனர். வழியில் போலீஸார் மறித்து, பாட்டுக் கருவி வைத்திருந்த லாரியைக் கைப்பற்றினர். கூட்டம் கிங்ஸ் கிராஸ் பகுதிக்குத் திரும்பிற்று. அங்கே 53 பேர் கைதாயினர். அவர்களுடைய பெயர்களை ஊர்ப் பத்திரிகை பிரசுரித்தது. அதனால் வேலையிழந்தாரும் வீடிழந்தாரும் பலர். பெரட்டுக் களத்தில் பேர் வெட்டப்பட்டவன் அன்றிரவு எந்த முகத்தோடு லயத்துக்குத் திரும்புவான் என்பதை எண்ணிப் பார்க்கும் நம்மவர்க்கு அக்கொடுமை விளங்கும். நியூ ஸௌத் வேல்ஸ் மாகாணம் 1984-ல் அச்சட்டத்தை நீக்கிற்று. 2016-ல் மாகாணச் சட்டசபை அன்று அடிபட்டவரிடம் மன்னிப்புக் கோரிற்று. பெயர் பிரசுரித்த பத்திரிகையும் மன்னிப்புக் கோரிற்று. 2023-ல் நாட்டின் பிரதம மந்திரி அல்பனீஸே அவ்வூர்வலத்தில் நடந்து சென்றார். 1981-ல் குளிர்காலத்திலிருந்து கோடைக்கு மாற்றியதால்தான் மாதம் வேறுபட்டது, காரணம் ஒன்றே.

மே மாதக் கடைசியில் சிக்காகோவில் தோலாடைக்காரர் மீண்டும் கூடுகின்றனர். 1979-ல் தொடங்கிய அப்போட்டிக்குப் பல தேசத்தார் வருகின்றனர். அவ்வூரில் 1991-ல் அவர்கள் தமக்கென ஒரு நூலகத்தையும் காட்சிசாலையையும் ஏற்படுத்தினர். நோயால் மாண்டாரின் கடிதமும் உடையும் படமும் குப்பைக்குப் போய்விடாதபடி காத்தது அந்நிலையம். மே கழிந்தால் மறுபடியும் ஜூன்.

இனி ஆட்சேபத்துக்கு வருவோம். தன்பாலீர்ப்பினருள்ளேயே பலர், "தோலாடைக்காரரை ஊர்வலத்தில் விடாதீர்; அவர்களைக் காட்டியே நம் எதிரிகள் நம்மைத் தூற்றுகின்றனர்" என்று வாதிக்கின்றனர். இவ்வாதம் ஜூலை 4-ந் தேதிக் கோட்டின் வாதமே என்பதை வாசகர் உணர்ந்திருப்பர். காமெனியின் நோக்கம் நல்லது. அவர் துணிவு பெரிது. ஆயினும் கோட்டணிந்தவனுக்கு மட்டும் கிடைக்கும் உரிமை உரிமையாகாது. அது கோட்டுக்குக் கிடைத்த மரியாதை. நம் பெரியார் இயக்கம் நமக்குப் போதித்ததும் இதுவன்றோ? மேல்சாதிக்காரனைப்போல் நடந்து காட்டினால் மதிப்போம் என்றபோது, "மனிதனாயிருப்பதே போதும்" என்றல்லவா விடை கூறினோம்?

தைப்பூசத்தன்று அலகு குத்திக் காவடியெடுப்போரை வெளிநாட்டார் படம் பிடித்துக் "காட்டுமிராண்டிகள்" என்று எழுதியதுண்டு. அலகு குத்துதலை நாம் ஆதரிப்பவரல்லோம். எனினும் அவர்களது நேர்த்தியையும் அவர்கள் பட்ட பாட்டையும் அறியாது ஒரு படத்தைக் கொண்டு ஓர் இனத்தையே இழித்துரைத்தபோது நம் உள்ளம் கொதித்தது. நமக்கு வேண்டிய நியாயத்தைப் பிறர்க்கும் வழங்குதலே நேர்மை. ஒருவர் மற்றவரை வற்புறுத்தாமலும், வயது வந்தோர் மனமொத்தும் கொள்ளும் இன்பம் நமக்கு உவப்பாக இல்லாதிருக்கலாம். உவப்பின்மை சிறைக்குக் காரணமாகாது.

இது தூரதேசத்துக் கதைதானே என்பார்க்கு ஒரு சொல். நம்மை ஆண்ட வெள்ளையர் 1860-ல் இந்தியாவுக்கு இயற்றிய தண்டனைச் சட்டத்தின் 377-ம் பிரிவு, பின்னர் நீரிணைக் குடியேற்றங்களுக்கும் வந்தது; 1938-ல் 377-ஏ என்னும் பிரிவும் சிங்கப்பூரில் சேர்ந்தது. இங்கிலாந்து 1967-ல் தன் சட்டத்தைத் தளர்த்திக்கொண்டது. அது விட்டுச்சென்ற சட்டமோ நம்மிடம் நிலைத்தது. 2009 மே 16-ந் தேதி சிங்கப்பூர் ஹாங்லிம் பூங்காவில் சுமார் 2,500 பேர் இளஞ்சிவப்பு உடையணிந்து ஒரு வட்டமாகக் கூடினர். அடுத்து வந்த வருஷங்களில் அக்கூட்டம் பெருகிற்று. 2018 செப்டம்பர் 6-ந் தேதி இந்திய உச்ச நியாயஸ்தலம், மனமொத்தார்மீது 377-ம் பிரிவு செல்லாது என்றது; 2022 நவம்பர் 29-ந் தேதி சிங்கப்பூர்ச் சட்டசபை 377-ஏ-ஐ நீக்கிற்று. மலேசியாவில் அச்சட்டம் இருபது வருஷச் சிறையோடும் கசையடியோடும் இன்றும் நிற்கின்றது; 2008-ல் தொடங்கிய 'செக்ஸுவாலிட்டி மெர்டேக்கா' என்ற விழாவைப் போலீஸார் 2011-ல் தடுத்துவிட்டனர்.

ஆகவே நம் தோட்டத்திலும் பட்டணத்திலும் இத்தகையோர் இலர் என்று எவரும் கருத வேண்டா. இருக்கின்றனர், பேசாதிருக்கின்றனர். நம் வீட்டுப் பிள்ளையாகவும், உடன் உழைக்கும் தோழனாகவும், மணப்பேச்சு வருந்தோறும் வாய் மூடி விம்மும் பெண்ணாகவும் இருக்கின்றனர். ஊர்வலத்துக்குப் போக வேண்டும் என்று எவரையும் நாம் அழைக்கவில்லை. அடுத்த முறை அப்படம் கைக்கு வரும்போது, நகைக்குமுன், அந்நாளில் அவர்களுக்கு நேர்ந்தது யாது என்று கேளுங்கள். அருகிலிருந்து அப்படத்தைப் பேசாது பார்த்துக்கொண்டிருப்பவன் உங்கள் விடையைக் கேட்டுக்கொண்டிருக்கிறான் என்பதையும் மறவாதீர்கள்.