வெளியே நின்றவனின் குற்றம்

1923-ஆம் ஆண்டு ஆகஸ்டு 3-ஆம் தேதி. கல்கத்தாவின் சங்கரிடோலா தபாலாபீஸின் பின்னறையில் போஸ்ட்மாஸ்டர் மேஜையருகே அமர்ந்து பணத்தை எண்ணிக் கொண்டிருந்தார். முற்றத்துப் பக்க வாயிலில் சிலர் தோன்றிப் பணத்தைக் கேட்டனர். அடுத்த கணமே துப்பாக்கிகள் வெடித்தன. அவர் மாண்டார். வந்தவர்கள் பணத்தையும் எடுக்காமல் ஓடினர். துரத்திச் சென்றவர்களிடம் கையில் பிஸ்டலுடன் அகப்பட்டவர் பாரேந்திர குமார் கோஷ் என்ற இளைஞர். தாம் முற்றத்தில் அச்சத்துடன் நின்றதேயன்றிச் சுடவில்லை என்பது அவருடைய வாதம்.

சுடாதவனைக் கொலைகாரன் எனலாமா? கூட்டாகச் செய்யப்படும் குற்றம் எதுவாயினும் இக்கேள்வி எழுந்தே தீரும். பெண்ணொருத்தியைப் பலர் சேர்ந்து வன்கொடுமைக்கு உள்ளாக்கும் வழக்குகளில் அது மிகக் கடுமையான வடிவம் பெறுகிறது. கதவைக் காத்தவன், வாயைப் பொத்தியவன், வண்டி ஓட்டியவன் ஆகியோரின் பொறுப்பு என்ன? நாம் பிழைப்பை நாடி எந்த மாநிலத்தில் குடியேறியிருப்பினும், இதற்கு விடை கூறும் சட்டம் ஒன்றே. அது உருவான வரலாற்றைச் சிறிது பார்ப்போம்.

1860-ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 34-ஆம் பிரிவு இதற்கென்றே அமைந்தது. பலர் சேர்ந்து செய்த குற்றச் செயலுக்கு, ஒவ்வொருவரும் தனித்தே அதைச் செய்ததுபோல் பொறுப்பாவர் என்று அது விதித்தது. அனைவருக்கும் பொதுவான எண்ணத்தை நிறைவேற்றும் பொருட்டே அச்செயல் நிகழ்ந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை 1870-இல் சேர்க்கப்பட்டது. சில சொற்களே, ஆயினும் பின்வந்த விவாதங்களுக்கெல்லாம் வேர் இதுதான்.

சங்கரிடோலா வழக்கு லண்டன் பிரிவி கௌன்சில் வரை சென்றது. 1924 அக்டோபரில் தீர்ப்பளித்த சம்னர் பிரபு, குற்றச் செயல் என்பது ஒருவனுடைய கைச்செயல் மட்டுமன்று, பலரும் ஒன்றுபட்டு நடந்துகொண்ட முழு நடத்தையே என்று விளக்கினார். நின்று காத்திருப்பவரும் பணி செய்பவரே என்ற பொருளுடைய மில்டனின் கவிதையடி ஒன்றையும் அவர் துணைக்கழைத்தார். பக்தியைப் பற்றிய அடியொன்று கொலைவழக்கிற்குப் பயன்பட்டது விந்தைதான். கோஷின் மேல்முறையீடு தோற்றது.

இக்கொள்கையைத் தளரவிட்டால் உடனிருந்தோர் யாவரும் தூக்குமேடை ஏற நேரிடும். அதற்கு வரம்பு கட்டிய பெருமை, சென்னை உயர்நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்து பிரிவி கௌன்சிலுக்குச் சென்ற சர் மாதவன் நாயரைச் சாரும். 1943-இல் சிந்து நதிக்கரையில் நாணல் பற்றி எழுந்த சச்சரவில் ஒருவர் சுடப்பட்டு இறந்தார். உதவிக்கு ஓடிவந்த இருவரும் சுட்டனர். ஆனால் இருவரும் வெவ்வேறு ஆட்களைக் குறிவைத்தனர். கொலையாளி தலைமறைவாகிவிட, மற்றவரான மஹபூப் ஷாவுக்கு மரண தண்டனை கிடைத்தது. 1945-இல் அதை நீக்கிய மாதவன் நாயர், ஒரே வகையான எண்ணம் வேறு, பொது எண்ணம் வேறு. இரண்டிற்கும் இடையே உள்ள சுவர் மெல்லியதே, எனினும் அது உண்மையான சுவர் என்னும் கருத்தை வலியுறுத்தினார். இந்த வேற்றுமையைத் தமிழில் பெயர்ப்பதற்கு நாம் படும் பாடு கொஞ்சமன்று! ‘ஒத்த எண்ணம்’ என்றால் ஒன்று, ‘பொது எண்ணம்’ என்றால் மற்றொன்று; சொல் பிசகினால் ஒருவனுடைய உயிரே பிசகும். பொது எண்ணத்திற்கு முன்கூட்டிய உளவொற்றுமை வேண்டும் என்றும், ஆனால் அது சம்பவ இடத்திலேயே கணப்பொழுதில் உருவாகலாம் என்றும் 1954-இல் உச்சநீதிமன்றம் ஐதராபாத் வழக்கு ஒன்றில் தெளிவாக்கியது.

வன்புணர்ச்சிக்குத் தனி விதி வர நெடுங்காலம் ஆயிற்று. மகாராஷ்டிரக் காவல்நிலையம் ஒன்றில் நிகழ்ந்த கொடுமை தொடர்பாக இரு காவலர்களை உச்சநீதிமன்றம் 1978-இல் விடுவித்தது. அதைக் கண்டித்துச் சட்டப் பேராசிரியர் நால்வர் 1979-இல் எழுதிய பகிரங்கக் கடிதம் நாடெங்கும் கிளர்ச்சியை எழுப்பியது. அதன் விளைவே 1983-ஆம் ஆண்டுத் திருத்தம். பொது எண்ணத்துடன் செயற்பட்ட கூட்டத்தில் ஒருவன் வன்புணர்ந்தாலும், அக்கூட்டத்தினர் ஒவ்வொருவரும் அக்குற்றத்தைச் செய்தவராகவே கருதப்படுவர் என்று அது விதித்தது. குறைந்தபட்சத் தண்டனை 10 ஆண்டு. அந்நாளைய ஏடுகள் ‘கற்பழிப்பு’ என்றே எழுதின. குற்றவாளியின் களங்கத்தைப் பெண்ணின் தலையில் ஏற்றும் அச்சொல்லை நாம் கைவிட்டோம்.

1989-இல் பீகார் வழக்கொன்றில், ஒவ்வொருவனும் தனித்தனியே செயலை முடித்தான் என்று அரசுத்தரப்பு மெய்ப்பிக்க வேண்டியதில்லை என்று உச்சநீதிமன்றம் கூறியது. இஃது எத்துணை இன்றியமையாதது என்பதை எண்ணிப் பாருங்கள்: இருளில், அச்சத்தில், துயரின் நடுவே, யார் யார் என்ன செய்தார் என்று அடையாளங்காட்டும் சுமையைப் பாதிக்கப்பட்டவள்மீது சுமத்துவது நீதியாகாது. ஆயினும் 2003-ஆம் ஆண்டுச் சட்ட அறிக்கைகளில் வெளிவந்த அரியானா வழக்கில், உடனிருந்தது மட்டும் போதாது, இணங்கிச் செயற்பட்டதற்குச் சான்று வேண்டும் என்றும் அதே நீதிமன்றம் எச்சரித்தது. சேர்ந்து வந்தனரா, வழியை மறித்தனரா, தடுக்க முயன்றனரா, சேர்ந்து ஓடினரா என்று நீதிபதிகள் துருவி ஆராய்வது இதற்காகவே. உள்ளத்தை யாரும் கண்டதில்லை. நடத்தையிலிருந்தே அதை ஊகிக்க வேண்டும்.

டில்லியில் 2012 டிசம்பரில் ஓடும் பேருந்தில் நடந்த கொடுமையை அடுத்து, 2013-இல் இவ்விதி 376-டி என்னும் தனிப் பிரிவாகி, குறைந்தபட்சத் தண்டனை 20 ஆண்டாக உயர்ந்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 70-ஆம் பிரிவு. பழைய 34-ஆம் பிரிவோ 3-ஆம் பிரிவின் 5-ஆம் உட்பிரிவாக வாழ்கிறது.

தீராத வழக்கு ஒன்றுண்டு. மத்தியப் பிரதேசத்தில் வன்புணர்ச்சிக்கு ஆளான பெண், காப்பாற்றும்படி குற்றஞ்சாட்டப்பட்டவனின் மனைவியை வேண்டினாள். அவளோ அப்பெண்ணை அறைந்து, கதவைச் சாத்திவிட்டுச் சென்றாள் என்பது புகார். பெண்ணுக்கு வன்புணரும் எண்ணம் இருக்க முடியாது, ஆகவே அவள் கூட்டு வன்புணர்ச்சிக் குற்றவாளியாகாள் என்று உச்சநீதிமன்றம் 2006-இல் தீர்ப்பளித்தது. முற்றத்தில் நின்றவனைக் கொலைகாரன் என்ற சட்டம், கதவைச் சாத்தியவளை விட்டுவிட்டது நமக்கு உடன்பாடாகத் தோன்றவில்லை. 2013-க்குப் பிந்திய பிரிவின்படி பெண்ணையும் விசாரிக்கலாம் என்று அலகாபாத் உயர்நீதிமன்றம் 2023-இல் கூறியிருக்கிறது.