சென்னை மாநகரின் இரைச்சல் கட்டுப்பாடு: கோபாலபுரத்தை முன்வைத்து

சமூக இரைச்சல் என்பது, வேலையிடத்துக்குள் தொழிலாளர் கேட்கும் ஓசை நீங்கலாக, வீட்டிலும் தெருவிலும் மக்களை வந்தடையும் வேண்டாத ஒலி அனைத்தையும் குறிக்கும். சென்னையில் வாகனங்கள், ஹாரன், ஒலிபெருக்கி, பட்டாசு, ஜெனரேட்டர், கட்டடவேலை ஆகியவை இதன் முக்கிய மூலங்கள். இடைவிடாத இரைச்சல் தூக்கத்தைக் கெடுக்கிறது, இதய நோய்க்கான ஆபத்தைக் கூட்டுகிறது, பள்ளிப் பிள்ளைகளின் கற்கும் திறனைப் பாதிக்கிறது என்று உலக சுகாதார நிறுவனம் எச்சரித்திருக்கிறது.

இரைச்சலைக் கட்டுப்படுத்த ஒரு நகரம் செய்ய வேண்டியவை மூன்று: எந்தப் பகுதியில் எவ்வளவு ஒலி தகும் என்று நிலத்தை வகைப்படுத்துவது, ஒலி எழுப்புவோருக்கு நிபந்தனையுடன் அனுமதி தருவது, மீறியவர்மீது நடவடிக்கை எடுப்பது. முதல் வேலை நன்றாக நடந்தால் மற்ற இரண்டின் சுமை குறையும். சென்னையில் சுமையின் பெரும்பகுதி இன்றும் காவல் நிலையத்தின்மீதே விழுகிறது.

அளவும் வரம்பும்

ஒலி டெசிபலில் அளக்கப்படுகிறது. இது மடக்கை அளவு. 10 டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகும். காதுக்கு ஏறத்தாழ இரண்டு மடங்கு உரக்கக் கேட்கும். சாலையில் ஒரே மாதிரியான வாகனங்கள் இரட்டித்தால் கூடுவது 3 டெசிபல்தான். ஆகவே 5 அல்லது 10 டெசிபல் மீறல் என்பது காகிதத்தில் சிறிதாகத் தோன்றினாலும் வீட்டுக்குள் இருப்பவருக்குப் பெரிய வேறுபாடு.

மத்திய அரசு 2000 பிப்ரவரி 14 அன்று அறிவித்த ஒலி மாசு (ஒழுங்குமுறை மற்றும் கட்டுப்பாடு) விதிகள் நான்கு வகைப் பகுதிகளுக்கு வரம்பு விதிக்கின்றன. காலை 6 முதல் இரவு 10 வரை பகல், மீதி நேரம் இரவு. முதல் எண் பகலுக்கும் அடுத்தது இரவுக்கும் உரியது:

தொழிற்பகுதி: 75, 70 டெசிபல்
வணிகப் பகுதி: 65, 55 டெசிபல்
குடியிருப்புப் பகுதி: 55, 45 டெசிபல்
அமைதி மண்டலம்: 50, 40 டெசிபல்

இவை ஒரு நொடியில் பதிவாகும் உச்ச ஒலிக்கான வரம்புகள் அல்ல. குறிப்பிட்ட காலம் முழுவதற்குமான ஆற்றல் சராசரிக்கானவை. நள்ளிரவில் ஒரே ஒரு பல்லிசை ஹாரன் ஒரு தெருவையே எழுப்பிவிட முடியும். அந்த இரவின் சராசரி வரம்புக்குள்ளேயே நிற்கவும் கூடும். இதனால்தான் சராசரி வரம்புடன் ஹாரன், பட்டாசு, ஒலிபெருக்கி ஒவ்வொன்றுக்கும் தனி விதி தேவைப்பட்டது.

சட்டம் வளர்ந்த விதம்

தொடக்கத்தில் தெருச் சத்தம் காவல்துறையின் விவகாரமாக மட்டுமே இருந்தது. 1888ஆம் ஆண்டின் சென்னை மாநகரக் காவல் சட்டமும் 1889ஆம் ஆண்டின் நகரத் தொல்லைகள் சட்டமும் அதற்கு அடிப்படை. 1981ஆம் ஆண்டின் காற்று மாசுத் தடுப்புச் சட்டத்தில் 1987இல் வந்த திருத்தம் இரைச்சலையும் மாசாகச் சேர்த்தது. 1986ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் (பாதுகாப்பு) சட்டத்தின்கீழ் 1989இல் ஒலி வரம்புகளும் 2000இல் முழுமையான விதிகளும் வந்தன.

நீதிமன்றம் காட்டிய வழியில் சென்னைக்குத் தனி இடம் உண்டு. சென்னை உயர் நீதிமன்றம் அப்பா ராவ் வழக்கில் (1995) ஒலிபெருக்கிகளைக் கட்டுப்படுத்த நெறிமுறைகள் வகுத்தது. அடுத்து, மாதவரம் நெடுஞ்சாலையை ஒட்டிய கே.கே.ஆர். மெஜஸ்டிக் காலனி குடியிருப்போர் சங்கம், அருகிலிருந்த தேவாலயத்தின் ஒலிபெருக்கிகளுக்கும் இசைக்கருவிகளுக்கும் எதிராக வழக்குத் தொடுத்தது. மாசு கட்டுப்பாட்டு வாரியம் அளந்து பார்த்தபோது நெடுஞ்சாலை வாகனங்களின் பங்கும் வெளிப்பட்டது. வாகனங்கள்மீதும் நடவடிக்கை எடுங்கள், தேவாலயமும் ஒலிபெருக்கியைத் தாழ்த்தட்டும் என்று உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. மேல்முறையீட்டில் உச்ச நீதிமன்றம் 2000 ஆகஸ்ட் 30 அன்று அதை உறுதிசெய்தது. பிறர் அமைதியைக் குலைத்து ஒலிபெருக்கியிலும் மேளத்திலும் வழிபட வேண்டும் என்று எந்த மதமும் சொல்லவில்லை என்பது அத்தீர்ப்பின் சாரம். எந்த மதத்துக்கும் எந்தக் கட்சிக்கும் பொருந்தும் நியாயம் இது. முதியோர், நோயாளிகள், கைக்குழந்தைகள், மாணவர்கள் ஆகியோரின் உரிமையை அத்தீர்ப்பு முன்னிறுத்தியது. 2005 ஜூலை 18 அன்று வந்த மற்றொரு தீர்ப்பு, இரைச்சலற்ற வாழ்வை அரசமைப்பின் 21ஆம் பிரிவு தரும் உயிர்வாழும் உரிமையோடு இணைத்தது.

கோபாலபுரம்: ஒரே பேட்டையில் எல்லா மூலங்களும்

ராயப்பேட்டைக்கும் கதீட்ரல் சாலைக்கும் இடையே அமைந்த கோபாலபுரம், இந்தச் சிக்கலைச் சிறு பரப்பில் காட்டும் பேட்டை. உள்தெருக்களில் வீடுகளும் அடுக்குமாடிகளும். லாயிட்ஸ் சாலை என்று இன்றும் பலர் சொல்லும் அவ்வை சண்முகம் சாலைப் பக்கம் பெரிய பள்ளிகள். நடுவே மாநகராட்சி விளையாட்டுத் திடல். நான்காம் தெருவில் முன்னாள் முதல்வர் மு. கருணாநிதி வாழ்ந்த வீடு, பக்கத்திலேயே வேணுகோபால சுவாமி கோயில். அ.தி.மு.க. தலைமை அலுவலகமும் அவ்வை சண்முகம் சாலையில்தான் இருக்கிறது. சுற்றியுள்ள பெருஞ்சாலைகளில் பேருந்தும் காரும் ஓய்வதில்லை.

பள்ளி தொடங்கும் வேளையிலும் விடும் வேளையிலும் ஆட்டோ, வேன், பெற்றோரின் ஸ்கூட்டர் எல்லாம் ஒரே வாசலில் நெருக்க, ஹாரன் விடாமல் ஒலிக்கும். தேர்தல் வெற்றி, தலைவர் பிறந்தநாள் என்றால் வெடியும் தாரை தப்பட்டையும் தெருவுக்குள் வந்துவிடும். ஆடியிலும் மார்கழியிலும் அதிகாலைப் பாட்டு. இவற்றில் பல, மக்கள் விரும்பிச் செய்பவை. பக்கத்து வீட்டில் உடல்நலமின்றிப் படுத்திருப்பவருக்கும் தேர்வுக்குப் படிப்பவருக்கும் உரிய இடத்தை விட்டுவைத்து அவற்றை நடத்துவதுதான் கட்டுப்பாட்டின் நோக்கம்.

மருத்துவமனை, கல்வி நிறுவனம், நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டருக்குக் குறையாத பரப்பு அமைதி மண்டலம் என்பது பரவலான நம்பிக்கை. ஆனால் ஒலி மாசு விதிகளில் 2017 ஆகஸ்ட்டில் வந்த திருத்தத்துக்குப் பிறகு, மாநில அரசு அறிவித்தால்தான் ஓரிடம் அமைதி மண்டலமாகும். பள்ளி இருப்பதால் மட்டும் அதன் தெரு தானாக அந்தப் பாதுகாப்பைப் பெறாது. பள்ளி மிகுந்த ஒரு பேட்டைக்கு இந்தத் திருத்தம் பெரிய இழப்பு.

ஒலிபெருக்கி அனுமதி

ஒலிபெருக்கி வைக்க எழுத்துவழி அனுமதி வேண்டும். சென்னையில் பொதுக்கூட்டமோ கோயில் விழாவோ நடத்துவோர் காவல் நிலையம் வழியாக விண்ணப்பிக்கிறார்கள். இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் அனுமதி கிடையாது. பண்பாட்டு, சமய விழாக்களுக்காக ஆண்டில் 15 நாட்களுக்கு மிகாமல் நள்ளிரவு 12 வரை மாநில அரசு தளர்வு தரலாம். பொது இடத்தின் எல்லையில் ஒலி, அப்பகுதியின் வரம்பைவிட 10 டெசிபலுக்கு மேல் போகக்கூடாது. அல்லது 75 டெசிபலைத் தாண்டக்கூடாது. இரண்டில் எது குறைவோ அதுவே எல்லை. குடியிருப்புத் தெருவில் பகலில் இது 65 டெசிபல்.

இந்த 65 நடைமுறையில் என்ன என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். திறந்தவெளியில் தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் ஒலி 6 டெசிபல் குறையும். ஒரு மீட்டரில் 100 டெசிபல் தரும் பெட்டி 2 மீட்டரில் 94, 4 மீட்டரில் 88, 8 மீட்டரில் 82 என்று இறங்கி, 65ஐத் தொடச் சுமார் 56 மீட்டர் வேண்டும். கோபாலபுரத்தின் உள்தெருவில் எதிர்வீடு அத்தனை தூரத்தில் இல்லை. இருபுறச் சுவர்களும் ஒலியைத் திருப்பி அடிப்பதால் அது இன்னும் மெதுவாகவே குறையும். கம்பத்தில் உயரக் கட்டிய கூம்பு ஒலிபெருக்கி இரண்டாம் மாடி ஜன்னலுக்கு நேராக நிற்கும். எனவே பெரிய கூம்பு ஒன்றைவிட, கூட்டத்தின் பக்கம் திருப்பித் தாழ வைத்த சிறு பெட்டிகள் பலவே நல்லது. அனுமதிக் கடிதத்தில் நேரத்தோடு பெட்டியின் எண்ணிக்கை, உயரம், திசை மூன்றும் எழுதப்பட்டால், பிறகு கருவி கொண்டு அளக்கும் தேவையே பாதி குறைந்துவிடும்.

வாகனம், பட்டாசு, ஜெனரேட்டர், கட்டடவேலை

பல்லிசை ஹாரனை மத்திய மோட்டார் வாகன விதிகள் (1989) தடைசெய்கின்றன. ஒலி மாசு விதிகளில் 2010இல் வந்த திருத்தம், அவசர நிலை தவிர, அமைதி மண்டலத்தில் எப்போதும் குடியிருப்புப் பகுதியில் இரவிலும் ஹாரன் அடிக்கக்கூடாது என்கிறது. ஓசை எழுப்பும் கட்டுமான இயந்திரங்களையும் இவ்விடங்களில் இரவில் இயக்கக்கூடாது.

பட்டாசு வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டரில் 125 டெசிபலைத் தாண்டும் வெடிகளைத் தயாரிக்கவோ விற்கவோ கூடாது. தீபாவளிக்கு இரண்டு மணி நேரம் மட்டும் என்று உச்ச நீதிமன்றம் 2018இல் சொன்னபோது இரவு 8 முதல் 10 வரை என்றே முதலில் குறித்தது. விடியற்காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்து வெடி வைக்கும் தமிழக வழக்கத்தை மாநில அரசு எடுத்துரைக்க, நேரத்தை மாநிலமே தேர்ந்துகொள்ள நீதிமன்றம் இசைந்தது. காலை 6 முதல் 7, மாலை 7 முதல் 8 என்ற ஏற்பாடு அப்படி வந்தது. வழக்கத்தைப் புரிந்துகொண்டு வகுக்கும் விதி நிலைக்கும் என்பதற்கு இது நல்ல சான்று.

ஜெனரேட்டருக்கான 2002ஆம் ஆண்டு விதி வேறொரு பாடம் தருகிறது. 1,000 கேவிஏ வரையிலான புதிய டீசல் ஜெனரேட்டர், அதன் கூண்டிலிருந்து ஒரு மீட்டரில் 75 டெசிபலுக்குள் இருக்க வேண்டும். ஒலியடக்கும் கூண்டை உற்பத்தியாளரே பொருத்தித் தர வேண்டும். காவலர் தெருத்தெருவாகப் போய்ப் பிடிக்கும் வேலையைத் தொழிற்சாலை வாசலிலேயே முடித்த விதி இது.

அளவீடு

மத்திய மாசு கட்டுப்பாட்டு வாரியம் 2011இல் தொடங்கிய தேசிய ஒலி கண்காணிப்பு வலையமைப்பில் சென்னை உட்பட ஏழு நகரங்களில் 70 நிலையங்கள் அமைந்தன. சென்னையின் பத்து இடங்களில் தியாகராய நகர், திருவல்லிக்கேணி, கிண்டி, பெரம்பூர், எழும்பூர் கண் மருத்துவமனை ஆகியவை அடங்கும். இவை நகரின் பொதுப்போக்கைக் காட்டும். கோபாலபுரத்தின் ஒரு தெருவில் நேற்றிரவு என்ன நடந்தது என்பதைப் பத்து நிலையங்களால் சொல்ல இயலாது. இதற்கு மாறாக, ஐரோப்பிய ஒன்றியம் 2002ஆம் ஆண்டின் நெறியாணை வழியே பெருநகரங்களை ஐந்தாண்டுக்கு ஒருமுறை இரைச்சல் வரைபடம் தயாரிக்க வைத்திருக்கிறது. எந்தத் தெருவில் எத்தனை பேர் எவ்வளவு ஒலியில் வாழ்கிறார்கள் என்று அது காட்டும். பிறகு நகரம் செயல்திட்டம் வகுக்க வேண்டும்.

திட்டமிடலின் இடம்

2000ஆம் ஆண்டு விதிகளில் அதிகம் பேசப்படாத ஒரு பகுதி மூன்றாம் விதி. பகுதிகளை நான்கு வகையாகப் பிரிப்பது மாநில அரசின் கடமை என்றும், நகரமைப்புப் பணியில் ஈடுபடும் ஒவ்வொரு அமைப்பும் இரைச்சலை வாழ்க்கைத் தரத்தின் அளவுகோலாகக் கொள்ள வேண்டும் என்றும் அது சொல்கிறது. சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் இரண்டாம் முழுமைத் திட்டம் (2008) நிலத்தை முதன்மைக் குடியிருப்பு, கலப்புக் குடியிருப்பு, வணிகம், நிறுவனம், தொழில் என்று பிரித்தது. ஒலி விதிகளின் நான்கு வகையும் இந்தப் பிரிவும் ஒன்றுக்கொன்று நேராகப் பொருந்தவில்லை. வீட்டின் கீழ்த்தளத்தில் உணவகமும் மேலே குடித்தனமும் இருக்கும் கலப்புக் குடியிருப்புக்கு 55ஆ, 65ஆ? நான்கில் ஒன்றாக அறிவிக்க உரிய அதிகாரிக்கு விதி இடம் தருகிறது. அறிவிக்காதவரை, புகார் வரும்போது காவல் நிலையத்தில் அந்தக் கேள்வி விவாதமாகிறது.

2027 முதல் 2046 வரைக்கான மூன்றாம் முழுமைத் திட்டம் இதைச் சரிசெய்யக் கிடைத்த வாய்ப்பு. நில வரைபடத்தின்மீதே ஒலி வகையையும் குறிப்பது, பள்ளி, மருத்துவமனைகளைச் சுற்றிய அமைதி மண்டலங்களை எல்லையோடு அறிவிப்பது, கட்டட அனுமதியின்போதே ஜெனரேட்டரும் குளிர்சாதன இயந்திரமும் அண்டை வீட்டுப் படுக்கையறையை நோக்காதபடி பார்ப்பது, பள்ளி வாசல்களில் வாகனம் நிறுத்த ஒழுங்கான இடம் ஒதுக்குவது ஆகிய நான்கும் புதுச் சட்டம் எதுவும் இல்லாமலே செய்யத்தக்கவை. குடியிருப்பவர் இரவு 10 மணிக்கு மேல் 100ஐ அழைத்துப் பக்கத்து வீட்டாரின் பகையைத் தேடிக்கொள்ள வேண்டிய நிலை, இவற்றைச் செய்தால் பெருமளவு குறையும்.