மணியோசை கேட்ட பிள்ளைகள்: நம் கரையில் ஞானோபதேசம் வளர்ந்த கதை



திருவருகைக் காலம் நெருங்குகிறது. ஒவ்வோர் ஆண்டும் இந்த நாள்களில் உங்களில் சிலர் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "டீச்சர், கோயில் தூரமா இருக்கு. ஞாயிற்றுக்கிழமையும் வேலை. பிள்ளைக்கு வீட்டுல எப்படி ஞானோபதேசம் சொல்லித் தர்றது?" தனித்தனியாகப் பதில் சொல்வதைவிட இங்கேயே எழுதிவிடலாம் என்று தோன்றியது. பதில் கொஞ்சம் நீளம். வரலாற்றிலிருந்து தொடங்க வேண்டும்.

காட்டுப்பள்ளியிலும் ஏரிக்கரைக் குப்பங்களிலும் பிறந்து வளர்ந்த உங்களில் பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள் அல்லர் என்பது எனக்குத் தெரியும். நீங்களும் படியுங்கள். மீன்பிடிக்கும் மக்களின் பிள்ளைகள் பெரியவர்களுக்கு ஆசிரியர்களான கதை இது.

1542 அக்டோபரில் பிரான்சிஸ் சவேரியார் முத்துக்குளித்துறைக்கு வந்தார். அங்குள்ள பரதவ மக்கள் சில ஆண்டுகளுக்கு முன்பே ஞானஸ்நானம் பெற்றிருந்தார்கள். ஆனால் சொல்லித் தர ஆளில்லை. சவேரியாருக்குத் தமிழ் தெரியாது. இரு மொழியும் ஓரளவு தெரிந்தவர்களை உட்காரவைத்து, சிலுவை அடையாளம், விசுவாச மந்திரம், பரலோக மந்திரம், பத்துக் கட்டளை ஆகியவற்றைத் தமிழில் எழுதி வாங்கி மனப்பாடம் செய்தார். பிறகு கையில் மணியோடு தெருத்தெருவாக நடந்தார். மணியோசை கேட்டு வந்த சிறுவர்களையும் பெரியவர்களையும் கூட்டி, ஒரு மாதம், நாளுக்கு இரண்டு முறை சொல்லிக் கொடுத்தார். 1544 ஜனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய கடிதத்தில் இதையெல்லாம் அவரே விவரிக்கிறார்.

அந்தக் கடிதத்தில் ஆசிரியர்கள் எல்லோரும் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. படித்ததை வீட்டுக்குப் போய் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் வீட்டிலுள்ளவர்களுக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் சொல்லித் தர வேண்டும் என்று பிள்ளைகளுக்கு அவர் ஏற்பாடு செய்திருந்தார். நோயாளிகள் வீட்டுக்குச் சென்று செபம் சொல்லவும் பிள்ளைகளையே அனுப்பினார். இன்று நாம் பெரியவர் சிறியவருக்குச் சொல்லித் தருவதையே கல்வி என்கிறோம். அங்கே அது தலைகீழாக நடந்தது.

மொழியிலும் அவருக்குச் சிக்கல் வந்தது. விசுவாச மந்திரத்தின் முதல் மொழிபெயர்ப்பில், நம்புகிறேன் என்று சொல்ல வேண்டிய இடத்தில் 'எனக்கு வேணும்' என்ற பொருளில் ஒரு சொல் விழுந்துவிட்டது. பிறகு தம் உடன்பணியாளர் மான்சிலாசுக்கு எழுதி, 'விசுவாசம்' என்ற சொல்லைப் பயன்படுத்தச் சொன்னார். புனிதரே ஆனாலும் பாடக்குறிப்பைத் திருத்தத்தான் வேண்டியிருக்கிறது!

அவர் ஊர் ஊராகப் போக வேண்டியிருந்ததால், ஒவ்வோர் ஊரிலும் கணக்கப்பிள்ளை என்று ஒருவரை நியமித்தார். செபம் சொல்லிக் கொடுப்பது, அவசரத்துக்கு ஞானஸ்நானம் கொடுப்பது எல்லாம் அவர் பொறுப்பு. நாம் உபதேசியார் என்றும் வேதியர் என்றும் அழைத்தவர்களுக்கு இவர்களே முன்னோடிகள். இவர்களுக்குச் சம்பளம் எங்கிருந்து வந்தது தெரியுமா? போர்ச்சுகல் அரசியின் காலணிச் செலவுக்கென்று முத்துக்குளித்துறை மக்கள் ஆண்டுதோறும் கட்டிய பணத்திலிருந்து. அதை இந்த ஆசிரியர்களுக்குத் திருப்பிவிடும்படி சவேரியார் கேட்டு வாங்கினார். 1545-இல் அவர் மயிலாப்பூரில் சுமார் நான்கு மாதம் தங்கினார். அவர் தங்கிய இடத்துக்கும் நம் ஏரிக்கும் இடையே ஒரு நாள் பயணம்தான்.

அவருக்குப் பின் வந்தவர் அண்டிரிக் அடிகளார். 1546-இல் இந்தியா வந்து, 1600-இல் இறக்கும்வரை தமிழோடு வாழ்ந்தவர். அவருடைய 'தம்பிரான் வணக்கம்' 1578-இல் கொல்லத்தில் அச்சானது. மொத்தம் 16 பக்கம். இந்திய மண்ணில் தமிழ் எழுத்தில் அச்சாகி நமக்குக் கிடைத்திருக்கும் முதல் நூல், பிள்ளைகள் செபம் படிக்கும் இந்தச் சிறு நூல்தான். அடுத்த ஆண்டு கேள்வி பதிலாக அமைந்த 'கிரீசித்தியானி வணக்கம்' கொச்சியில் வந்தது. 1586-இல் வந்தது 'அடியார் வரலாறு'. 600 பக்கங்களுக்கு மேல், திருநாள்களையும் புனிதர்களின் கதைகளையும் சொல்லும் பெரிய நூல். இந்த மூன்றையும் வரிசையாக வைத்துப் பாருங்கள். முதலில் செபம், அடுத்து கேள்வி பதில், அதன்பின் கதை. மந்திரத்தை மனப்பாடம் செய்த பிள்ளைக்குத் திருநாள்தோறும் சொல்ல ஒரு கதை வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

இப்போது நம் ஏரிக்கு வருவோம். பழவேற்காட்டு மகிமை மாதா கோயில் 1515-இல் போர்ச்சுக்கீசியர் காலத்தில் எழுந்தது என்பது வழிவழிச் செய்தி. 1610-இல் டச்சுக்காரர்கள் இங்கே காலூன்றினார்கள். 1613-இல் கெல்டிரியா கோட்டை எழுந்தது. அவர்களும் கிறிஸ்தவர்கள்தான், ஆனால் சீர்திருத்தச் சபையார். புனிதர் திருநாளும் தேரும் சப்பரமும் அவர்களிடம் கிடையாது. 1658-இல் தூத்துக்குடியும் யாழ்ப்பாணமும் அவர்கள் கைக்குப் போயின. இலங்கையில் கத்தோலிக்க வழிபாட்டைத் தடை செய்தார்கள். குருக்களுக்கு அடைக்கலம் கொடுத்தால் மரண தண்டனை என்று ஆணையிட்டார்கள்.

சுமார் முப்பது ஆண்டுகள் அங்கே நிலையாக ஒரு குருகூட இல்லை. கோயில் பறிபோனது. ஒரு தலைமுறைப் பிள்ளைகள் பூசை பார்க்காமலே வளர்ந்தார்கள். 1687-இல் கோவாவிலிருந்து யோசேவ் வாஸ் அடிகளார் கூலியாள் வேடத்தில் யாழ்ப்பாணம் வந்து இறங்கினார். யார் கத்தோலிக்கர் என்று வாய்விட்டுக் கேட்க முடியாது. கழுத்தில் ஜெபமாலையை அணிந்துகொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டாராம். அதைப் பார்த்தவர்களின் முகமே அவருக்குச் சொல்லிவிட்டது. சில்லாலையில் ஓர் ஊரே அவருக்காகக் காத்திருந்தது. பிறகு அவரும், அவர் வழிவந்த குருக்களும் ஊருக்கு ஊர் மூப்பரையும் அண்ணாவியையும் ஏற்படுத்தினார்கள். குரு வராத நாளிலும் செபம் நடந்தது. அவருடைய உடன்பணியாளர் யாக்கோமே கொன்சால்வெஸ் எழுதிய 'வியாகுலப் பிரசங்கம்' தவக்காலத்தில் இன்றும் வாசிக்கப்படுகிறது. தூத்துக்குடியிலோ, டச்சு ஆட்சி நடந்தபோதே, 1713 ஆகஸ்ட் 5 அன்று பனிமய மாதாவுக்குப் புதுக்கோயில் அர்ச்சிக்கப்பட்டது.

குரு இல்லை, பள்ளி இல்லை, தேர்வு இல்லை. ஆனாலும் விசுவாசம் போகவில்லை. வீட்டில் செபம் இருந்தது. இன்று இன்ன திருநாள் என்று சொல்லப் பாட்டிகள் இருந்தார்கள். என் வாதம் இதுதான்: நம் மக்களிடையே விசுவாசத்தைக் காப்பாற்றியது வீடும் திருநாள் கணக்கும்.

அப்படியானால் ஞாயிறு வகுப்பு? ஞாயிறும் திருநாளும் ஒரு மணி நேரம் பிள்ளைகளுக்குக் கட்டாயம் ஞானோபதேசம் நடத்த வேண்டும் என்று பத்தாம் பத்திநாதர் 1905-இல் உலகம் முழுமைக்கும் ஆணையிட்டார். 1910-இல், ஏழு வயதளவிலேயே புதுநன்மை கொடுக்கலாம் என்றார். இரண்டும் பிள்ளைகளுக்குக் கிடைத்த நன்மைகள். ஆனால் உதவிக்கு வந்த வகுப்பின் தலையில் நாம் முழுப் பொறுப்பையும் ஏற்றிவிட்டோம். டியூஷனுக்கு அனுப்புவதுபோல அனுப்புகிறோம். புதுநன்மை முடிந்ததும் பாடம் முடிந்தது என்கிறோம். குடும்பமே ஒரு சிறிய திருச்சபை, பெற்றோரே முதல் ஆசிரியர்கள் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-இல் நினைவூட்டியது. சில்லாலைக்காரர்களுக்கு இது பழைய செய்தி!

இனி, நம் ஏரியின் பருவத்தோடு சேர்த்து நான் சொல்லும் சில யோசனைகள். காசு செலவில்லாதவை.

திருவருகைக் காலம்: வாடைக்காற்றும் மழையும் உள்ள நாள்கள். நான்கு மெழுகுத்திரி வளையம் கடையில் கிடைக்கிறது. அது 1839-இல் ஹாம்பர்க் நகரில் விக்கெர்ன் என்ற புரொட்டஸ்டன்ட் போதகர் ஏழைச் சிறுவர்களுக்காகத் தொடங்கியது. அது கிடைக்காவிட்டால் நான்கு அகல் விளக்கு போதும். டிசம்பர் 3 சவேரியார் திருநாள். அன்று உங்கள் பிள்ளை ஒரு செபத்தை உங்களுக்குச் சொல்லித் தரட்டும். தெரிந்த செபமானாலும் மாணவராக உட்காருங்கள்.

கிறிஸ்து பிறப்பு: 1223-இல் அசிசி பிரான்சிஸ் கிரேச்சோ ஊரில் குடில் அமைத்தபோது, அந்த ஊர் வைக்கோலையும் மாட்டையும் கழுதையையும்தான் வைத்தார். நாம் பனையோலையும் கிளிஞ்சலும் கிழிந்த வலைத்துண்டும் வைப்போம். பிள்ளை தன் கையால் செய்யட்டும். டிசம்பர் 26 இரவு, 2004 சுனாமியில் போனவர்களுக்காகக் குடில் முன் ஒரு விளக்கு. அதற்குப் பின் பிறந்த பிள்ளைகளுக்கு அந்தப் பெயர்களை நாம்தான் சொல்ல வேண்டும். ஜனவரி 16, பொங்கலை ஒட்டி, யோசேவ் வாஸ் திருநாள். சில்லாலைக் கதையைச் சொல்லுங்கள்.

தவக்காலம்: வெள்ளிக்கிழமை இறைச்சி கூடாது, மீன் சாப்பிடலாம் என்கிறது சட்டம். தினமும் மீன் சாப்பிடும் நம் வீட்டில் அது என்ன தவம்? "நாம எதை விடலாம்?" என்று பிள்ளையிடமே கேளுங்கள். கைப்பேசியா, தின்பண்டமா, அண்ணனோடு போடும் சண்டையா என்று அது முடிவு செய்யட்டும். மிச்சமாகும் காசு ஒரு டப்பாவில் சேரட்டும். அது யாருக்கு என்பதையும் பிள்ளையே சொல்லட்டும்.

பாஸ்கா காலம்: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். பாஸ்கா காலத்தின் பல நாள்கள் இதற்குள் வந்துவிடும். கடலுக்குப் போகும் அப்பா வீட்டிலிருக்கும் நாள்கள் இவை. உயிர்த்த இயேசு திபேரியாக் கடற்கரையில் சீடர்களுக்கு மீன் சுட்டுக் கொடுத்த பகுதியை அப்பா வாசிக்கட்டும். இரவெல்லாம் வலைவீசி ஒன்றும் கிடைக்காத வலி அவருக்குத் தெரியும். எந்த ஆசிரியரும் அவரைவிட நன்றாக விளக்க முடியாது.

ஜூன் 29: இராயப்பர், சின்னப்பர் திருநாள். தடை முடிந்து இரண்டு வாரம் ஆகியிருக்கும். பிள்ளையைப் படகடிக்குக் கூட்டிப்போய், படகுக்கும் வலைக்கும் ஒரு சிறு செபம் சொல்லுங்கள். இராயப்பரும் வலை அலசியவர்தானே.

அக்டோபர் ஜெபமாலை: ஏரியில் யார் எந்த நாளில் எங்கே வலை கட்டுவது என்பதற்குப் பாடு முறை இருக்கிறதல்லவா? வீட்டு ஜெபமாலைக்கும் அதே முறை வையுங்கள். "இன்னைக்கு யாரு பாடு?" ஐந்து வயதுப் பிள்ளைக்கும் ஒரு நாள் பாடு உண்டு. அன்று அதுவே தொடங்கும், நாம் பின்னால் சொல்வோம்.

நவம்பர் 2, கல்லறைத் திருநாள்: புல்லைப் பிடுங்கிச் சுத்தம் செய்யும் வேலையைப் பிள்ளைகளிடம் கொடுங்கள். தாத்தா பாட்டி பெயரைப் படிக்கச் சொல்லுங்கள். ஊரும் தொழிலும் மாறி மீஞ்சூருக்கும் எண்ணூருக்கும் அதற்கு அப்பாலும் போன குடும்பங்கள் நம்மில் பல. வீடு எங்கே போனாலும் திருநாள் கூடவே வரும். அதைக் கொண்டுபோக வண்டி வாடகை வேண்டாம்.

எல்லாவற்றையும் ஒரே ஆண்டில் செய்ய வேண்டாம். ஒன்றை எடுத்து, விடாமல் மூன்று ஆண்டு செய்யுங்கள். நான்காம் ஆண்டு பிள்ளையே உங்களுக்கு நினைவுபடுத்தும்.

உங்கள் வீட்டில் பாட்டி நடத்திய திருநாள் வழக்கம் ஏதாவது இருந்தால் கீழே எழுதுங்கள். எந்தச் சமயமானாலும் சரி. இன்னும் எழுதி வைக்கப்படாத பாடங்கள் அவை.

அன்புடன்,
உங்கள் டீச்சர்