இடுப்புச் சாவி

என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் இரண்டு தடவை பஜ்ஜி சாப்பிட்டுவிட்டுப் போனதோடு சரி. முதல் தடவை ஜாதகம் பொருந்தவில்லை என்றார்கள். இரண்டாம் தடவை தரகர் உள்ளதைச் சொல்லிவிட்டார். "நர்ஸ்னா ஒண்ணும் இல்லையாம்மா. பைத்தியக்கார வார்டு நர்ஸுன்னுதான் யோசிக்கிறாங்க." மூன்றாம் தடவை அம்மா "பெரியாஸ்பத்திரில வேலை" என்பதோடு நிறுத்திக்கொண்டாள். கல்யாணம் நடந்தது.

மனநோய்க்காரர்களின் வரலாற்றை எழுதியிருக்கிறார்கள், மருத்துவர்களின் வரலாற்றை அதைவிட விரிவாக எழுதியிருக்கிறார்கள். வார்டுக்குள் பகலும் இரவும் இருந்தவளைப் பற்றி இரண்டு வரி தேறுவது கஷ்டம். எனக்குத் தெரிந்த அளவில் அந்தக் கதையை இங்கே சொல்கிறேன்.

1977-இல் நர்சிங் மாணவியாகக் கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகத்துக்குப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். முதல் நாள் கற்றுக்கொண்டது ஊசி போடுவதை அல்ல, சாவி போடுவதை. கதவைத் திறந்து உள்ளே போனதும் பூட்டு. பூட்டியபின் ஒரு தரம் இழுத்துப் பார். சாவி இடுப்பை விட்டு இறங்கக் கூடாது. கத்தரிக்கோலை எண்ணு, ஸ்பூனை எண்ணு, கடைசியில் தலைகளை எண்ணு. அன்று மாலை விடுதிக்கு வந்து என் அறைக் கதவையும் இரண்டு தடவை இழுத்துப் பார்த்தேன். அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை.

கீழ்ப்பாக்கம் என்ற ஊர்ப்பெயரைத் தமிழ் சினிமா என்ன பாடு படுத்தியிருக்கிறது என்று சொல்ல வேண்டியதில்லை. அந்த ஊரிலேயே பெரிய மருத்துவக் கல்லூரி ஒன்றும் இருக்கிறது. அங்கே கால் எலும்புக்குக் கட்டுப் போட்டுக்கொண்டு வந்தவன்கூட, "காலுக்குத்தான்" என்று தனியாக விளக்க வேண்டியிருக்கிறது.

கதை 1794-இல் தொடங்குகிறது. கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவர் வாலண்டைன் கானலி, சித்தம் கலங்கியவர்களை வைத்துக்கொள்ளச் சென்னையில் ஒரு வீடு நடத்தினார். இருபது பேருக்கு மேல் கொள்ளாத வீடு. கம்பெனி பணம் கொடுத்தது. அது மருத்துவருக்கு ஒரு தொழிலாகவும் இருந்தது. பின்னால் கை மாறி டால்டன் என்பவரிடம் வந்தபோது சனங்கள் அதை டால்டன் ஆஸ்பத்திரி என்றே அழைத்தார்கள். அரசாங்கமே கட்டிய காப்பகம் 1871-இல் வந்தது. லோகாக் தோட்டம் என்ற 66 ஏக்கர் சொச்ச நிலத்தில், 145 பேரோடு திறந்தார்கள். இன்றைக்கும் மனநலக் காப்பகம் அதே இடத்தில்தான் இருக்கிறது.

உள்ளே யார் பார்த்துக்கொண்டார்கள்? அந்தக் காலத்து ஆங்கிலக் குறிப்புகளில் வரும் சொல் 'கீப்பர்'. அதாவது காவல்காரன். 1858-இன் சட்டமும் 1912-இன் சட்டமும் நோயாளியை உள்ளே எப்படிச் சேர்ப்பது, யார் உத்தரவில் வெளியே விடுவது என்பதில்தான் கவனமாக இருந்தன. காவல்காரனின் வேலை ஆள் தப்பாமல் பார்ப்பது. ஒருவர் தப்பினால் கேள்வி அவனுக்குத்தான் வரும். ஒருவருக்குக் குணமானால் பெயர் வேறொருவருக்குப் போகும். 1922-இல் பலகையில் 'மருத்துவமனை' என்று எழுதினார்கள். பலகை மாறியது, சாவிக்கொத்து மாறவில்லை.

1943-இல் சென்னை அரசு ஒரு காரியம் செய்தது. ஆண் நர்சிங் மாணவர்களுக்கு இங்கே மூன்று மாதப் பயிற்சி வைத்தது. எதற்குப் பதிலாகத் தெரியுமா? பிரசவப் பயிற்சிக்குப் பதிலாக. ஆண் பிள்ளைகளைப் பிரசவ அறைக்குள் விட முடியாது, அந்த மூன்று மாதத்துக்கு எங்கே அனுப்புவது என்ற கேள்விக்குக் கிடைத்த விடை மனநோய் வார்டு! சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனாலும் காவலுக்கு மேலே இதில் படிக்க ஏதோ இருக்கிறது என்று அரசாங்கம் ஒப்புக்கொண்ட தருணங்களில் அது ஒன்று. எல்லா நர்சிங் மாணவர்களுக்கும் இந்தப் பாடம் கட்டாயம் என்று ஆக அறுபதுகளின் நடுப்பகுதி வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

என் வார்டு சிஸ்டர் தன் இளமையில் இன்சுலின் சிகிச்சை பார்த்தவர். வியன்னாவில் மான்ஃபிரெட் சாகெல் முப்பதுகளில் கொண்டுவந்த முறை அது. விடியற்காலை வெறும் வயிற்றில் இன்சுலின் ஊசி. வியர்த்துக் கொட்டும், பிறகு ஆழ்ந்த மயக்கம். குறித்த நேரத்தில் மூக்கு வழியே குழாய் விட்டு குளுக்கோஸ் கரைசல் ஊற்றி எழுப்ப வேண்டும். கொஞ்சம் பிசகினால் உயிர் போகும். அதனால் நர்ஸ் பக்கத்திலேயே நாடியைப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பாள். சர்க்கரை மறுபடி இறங்கலாம் என்பதால் சாயங்காலம் வரை கூடவே இருந்து சோறு போட்டு, பேச்சுக் கொடுத்து, விளையாட்டுக் காட்டுவாள். இப்படி வாரக்கணக்கில். "மயக்கம் தெளிஞ்சு கண்ணத் தொறக்கறப்ப மொதல்ல தெரியற மூஞ்சி என் மூஞ்சி. அதுக்காகவே பவுடர் போட்டுக்கிட்டுப் போவேன்" என்பார் சிஸ்டர்.

பலர் தேறினார்கள். 1953-இல் ஹரால்ட் போர்ன் என்ற ஆங்கில மருத்துவர், இன்சுலினால்தான் குணம் என்பது கட்டுக்கதை என்று 'லான்செட்' இதழில் எழுதினார். பெரியவர்கள் அவர்மீது பாய்ந்தார்கள். 1957-இல் லண்டனில் சோதித்தே பார்த்துவிட்டார்கள். ஒரு குழுவுக்கு இன்சுலின் மயக்கம், இன்னொரு குழுவுக்கு வெறும் தூக்க மருந்து மயக்கம், மற்றக் கவனிப்பெல்லாம் ஒரே மாதிரி. முடிவில் வித்தியாசமே இல்லை. சிகிச்சை வழக்கொழிந்தது. என்னைக் கேட்டால், அந்த முடிவைப் பாதிதான் படித்தார்கள் என்பேன். இன்சுலின் ஒன்றும் செய்யவில்லை என்றால், தேறியவர்களைத் தேற்றியதில் நாள் முழுக்கப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளுக்கும் பங்கு இருந்திருக்குமே! ஊசியை நிறுத்தியவர்கள் அவளையும் சேர்த்து எழுப்பி வேறு வேலைக்கு அனுப்பிவிட்டார்கள்.

அடுத்து வந்தது குளோர்புரோமசின், நாங்கள் சிபிஇசட் என்போம். 1952-இல் பாரிசில் மனநோய்க்குக் கொடுத்துப் பார்த்த மருந்து, சில வருஷங்களில் உலகம் முழுக்கப் பரவியது. அதன் பெருமையைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். அலறல் அடங்கிய வார்டு எத்தனை பெரிய வரம் என்று அங்கே வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். மாத்திரையை விழுங்காமல் கன்னத்தில் ஒதுக்கிக்கொள்பவர்களுக்குப் பொடி செய்து கொடுப்போம். அந்தப் பொடி பட்டுப் பட்டு விரலிடுக்கெல்லாம் தடித்து அரிக்கும். நோயாளிக்கோ வெயிலில் நின்றால் தோல் கன்றிவிடும். அவர்கள் நிழலில் உட்கார்ந்திருப்பார்கள், நாங்கள் பக்கத்தில் கையைச் சொறிந்துகொண்டு நிற்போம்.

கதவைக் கொஞ்சம் திறந்து வைத்தவர்களும் உண்டு. அமிர்தசரசில் டாக்டர் வித்யாசாகர் ஐம்பதுகளில் வளாகத்துக்குள் கூடாரம் அடித்துக் குடும்பத்தாரைத் தங்கவைத்தார். வேலூர் சி.எம்.சி., 1957-இல் பாகாயத்தில் தொடங்கிய மனநல மையத்திலும் வீட்டார் ஒருவர் கூட இருக்க வேண்டும் என்பதே வழக்கம். கீழ்ப்பாக்கத்தில் 1961-இல் பொறுப்பேற்ற சாரதா மேனன், நாட்டின் முதல் பெண் மனநல மருத்துவர்களில் ஒருவர், 1978 வரை இருந்தார். தொழிற்பயிற்சி மையம் வேர்விட்டது அவர் காலத்தில்தான். தறியும் தையலும் ரொட்டி அடுப்பும் வந்த இடத்தில் நர்சுக்கும் நோயாளிக்கும் பேச ஒரு விஷயம் கிடைத்தது. "மாத்திரை போட்டாச்சா" என்பதைத் தவிர வேறு பேச்சு இல்லாத வார்டில் இருவருக்குமே மூச்சு முட்டும்.

பிற்பாடு நான் வேலை பார்த்த ஒரு மருத்துவமனையில் அறுபது கட்டிலுக்கு இரவில் நான் ஒருத்தி, ஆயா ஒருத்தி. பதினோரு வருஷமாக வீட்டார் எட்டிப் பார்க்காத பெரியம்மா ஒருவர் அங்கே இருந்தார். நான் தலைகளை எண்ணிக்கொண்டு வந்தால், அவர் என்னை எண்ணுவார். "இன்னிக்கும் நீ ஒண்டிதானா கண்ணு? சாப்டியா?" ஒரு நாள் அதே பெரியம்மா அறைந்த அறையில் என் மூக்குக்கண்ணாடி உடைந்தது. விசாரித்த மேலதிகாரி கேட்ட முதல் கேள்வி, "நீ என்ன செஞ்ச?" துணி அறைக்குள் போய் அழுதேன். டியூட்டி அறையில் அழ முடியாது, எல்லாரும் பார்ப்பார்கள். விடிந்ததும் தன் பங்கு பிஸ்கட்டை முந்தானையில் முடிந்துகொண்டு வந்து, ஒன்றும் பேசாமல் என் மேசைமேல் வைத்தார் பெரியம்மா. அந்தச் சம்பவத்தைப் பற்றி எனக்கு யாராவது ஆறுதல் சொன்னார்கள் என்றால் அது அவர் ஒருவர்தான்.

2001 ஆகஸ்ட் 6 விடிகாலை ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு விடுதியில் தீப்பிடித்து 28 பேர் இறந்தார்கள். சங்கிலியால் கட்டியிருந்ததால் ஓட முடியவில்லை. செய்தி கேட்ட அன்றைக்கு எங்கள் வார்டில் இரவுப் பணியில் இருந்த யாரும் சாவியைக் கையிலிருந்து எடுக்கவே இல்லை. 2017-இல் வந்த சட்டம் சங்கிலி கூடாது என்கிறது, மயக்க மருந்து கொடுக்காமல் மின் அதிர்ச்சி வைக்கக் கூடாது என்கிறது, மனநலச் செவிலியர் யார் என்றும் வரையறுத்திருக்கிறது. நல்ல சட்டம். கீப்பர் என்ற சொல்லிலிருந்து அங்கே வந்து சேர ஒன்றரை நூற்றாண்டு ஆகியிருக்கிறது.

அதற்கு முன்பே, 2015-இல், நான் ஓய்வு பெற்றேன். பொறுப்பு ஒப்படைத்த அன்று கொத்தில் பதினோரு சாவி இருந்தது. அதில் மூன்றுக்குப் பூட்டே கிடையாது; பழைய தனியறைகளை இடித்து வருஷங்கள் ஆகிவிட்டன. கணக்குக் குறையக் கூடாது என்று கொத்தில் வைத்திருந்தோம். பதிவேட்டில் பதினொன்று என்றே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வாங்கிக்கொண்ட பெண்ணும் எண்ணிப் பார்த்து, பதினொன்று என்று எழுதிக்கொண்டாள்.